சாத்தான் ஓடிய வாசல்

உடைத்த தேங்காயின் தண்ணீர் ஒரே கோடாக வடக்கே ஓடியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேவிகா மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

"பார்த்தீரே பிள்ளை, குபேரன்ர திசைக்குத்தான் போகுது" என்றார் இரவிச்சந்திரன். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இந்தப் பழைய ஆங்கிலத் தேவாலயத்தை வாங்கி முருகன் கோயிலாக்கும் சபைக்குத் தலைவர் அவர். ஆசாரம் என்றால் ஆசாரம். யாழ்ப்பாணத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா இறந்த தீட்டுக்காக, போன மாசி முழுக்க உள்ளே காலெடுத்து வைக்காமல் வாசல் பனியிலேயே நின்றவர்.

தேவிகா தளத்தையே பார்த்தாள். வடக்குச் சுவர் பூமிக்குள் இறங்கினால்தான் தண்ணீர் இப்படி ஓடும்.

எல்லாம் அவள் வாயால் வந்தது. சென்னையிலிருந்து கட்டடக்கலை படிக்க வந்தவள், போன வாரம் அளவெடுக்கும்போது சும்மா இருக்காமல் கதை சொன்னாள். இங்கிலாந்துக் கிராமங்களில் அறுநூறு, எழுநூறு வருடப் பழைய தேவாலயங்களுக்கு வடக்கே ஒரு வாசல் உண்டு. ஞானஸ்நானத்தின்போது அதைத் திறந்துவைப்பார்களாம், குழந்தையை விட்டுச் சாத்தான் ஓடட்டும் என்று. பிற்பாடு கல் வைத்து அடைத்தார்கள். இதைக் கட்டிய வெள்ளைக்காரர் தன் ஊர்த் தேவாலயத்தை அப்படியே இங்கே நகலெடுத்திருந்தார். கூர்வளைவுகள், முட்டுச்சுவர்கள், கல் வைத்து அடைத்த வடக்கு வாசலுக்கு மேல் சதுரமான மணிக்கோபுரம்.

"சாத்தானுக்குப் பூட்டின வாசலை முருகன் திறக்கட்டும்" என்று அன்றைக்கே சபையில் முடிவாகிவிட்டது.

அடைத்த கற்களை இன்றுதான் கிட்டப் போய்ப் பார்த்தாள். சுவரைவிடப் புதிய கற்கள். அடிவரிசை நசுங்கிக் கிடந்தது. இது சாத்தானுக்காக அடைத்ததல்ல. சாயும் கோபுரத்துக்கு யாரோ அவசரமாகக் கொடுத்த முட்டு.

"வாசல உடைக்கிறத நிறுத்தச் சொல்லுங்க அங்கிள். இந்தக் கல்லு மேலதான் கோபுரமே நிக்குது."

"போன கிழமை சாத்தான் எண்டீர். இப்ப கோபுரம் எண்டுறீர். வாற கிழமைக்கு என்ன வச்சிருக்கிறீர்?"

கூட்டம் சிரித்தது. மேசன் யோசெப் முதல் கல்லைப் பெயர்த்தார். உச்சியில், யாரும் தொடாத மணி மெல்ல ஒருமுறை ஒலித்தது.

"முருகா" என்று கைகள் குவிந்தன.

மணியை அசைத்தது எது என்று தேவிகாவுக்குத் தெரியும். இனி விளக்கிப் பயனில்லை. நேரே போய்ப் பூசைக்கு வைத்திருந்த கும்பத்தைத் தொட்டாள்.

"அங்கிள், எனக்குத் தீட்டு. காலையிலேர்ந்து."

இரவிச்சந்திரனின் முகம் கறுத்தது. "துடக்கோட உள்ள வந்து கும்பத்தையும் தொட்டிட்டீரே. எல்லாரும் வெளியில வாங்கோ. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து துடக்குக் கழிக்குமட்டும் ஒருத்தரும் உள்ள நிக்கக்கூடாது."

அவமானத்தில் காது எரிய, முன்வாசலுக்கு வெளியே, கடைசி ஆள் படியிறங்கும்வரை பார்த்து நின்றாள். உள்ளே டொக், டொக் என்று சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"யோசெப் அண்ணா, நீங்களும் வாங்க."

"நான் வேதக்காரன் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவன். உந்தத் துடக்கு எனக்கில்லை. இந்தக் கல்லை எடுத்துப்போட்டு வாறன்."

தேவிகா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "தீட்டு பொய் அண்ணா. கோபுரம் இறங்குது."

யோசெப் சிரித்தபடி உளியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கல்லிடுக்கு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது. மேலே மணி மறுபடி ஒலித்தது.

உளியை விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள்.

"திரும்பவும் ஏன் உள்ள போனனீர்?" தெருவில் இரவிச்சந்திரன் சீறி முடிப்பதற்குள் தரை அதிர்ந்தது. சதுரக் கோபுரம் மண்டியிடுவதுபோல வடக்கு வாசலின் மேல் இறங்கியது. புழுதி தெருவை மூடியது.

அந்த இருட்டில் ஒரு கை தேவிகாவின் கையைத் தேடி இறுகப் பற்றியது. துடக்குப் பார்க்கவில்லை. இரவிச்சந்திரனின் கை.