ஆளுக்கொரு பை குப்பை

செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் வேலை வழிகாட்டி மன்றத்துக்கும் ஒரே பொறுப்பாசிரியர்தான், அறிவுச்செல்வன். அரியலூரிலிருந்து அதிகாரி வந்து கடைவீதியைச் சுத்தம் செய்யப் போகிறார், படமும் எடுப்பார்கள் என்று பிள்ளைகளைக் காலையிலேயே அங்கே அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால் வீதி துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. துப்புரவுப் பெண்கள் விடிவதற்குள் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சாருக்கு வேர்த்துவிட்டது.

“ஓடுங்க, ஆளுக்கொரு பை குப்பை வூட்டுலேருந்து எடுத்துட்டு வாங்க” என்றார்.

பிளஸ் டூ படிக்கும் பூவிழியும் ஒரு பை கொண்டுவந்து கொட்டினாள். அதிகாரி கையுறை மாட்டினார், கேமராவைப் பார்த்துக்கொண்டே துடைப்பத்தால் நாலு தள்ளு தள்ளினார், காரில் ஏறிப் போய்விட்டார். சாரும் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார். குப்பை அங்கேயே கிடந்தது.

மத்தியானம் வேலை வழிகாட்டி மன்றக் கூட்டம். பூவிழியின் கையில் அழுகிய வெங்காய நாற்றம் இன்னும் போகவில்லை.

“ஒழுங்கா படிக்கலைன்னா நாளைக்குத் தெருவுல குப்பைதான் அள்ளணும்” என்று சார் விரலை ஆட்டி எச்சரித்தார்.

பூவிழி பாடத்தில் சந்தேகம் கேட்பவள்போலப் பவ்யமாக எழுந்து நின்றாள்.

“அப்ப, கொட்டுறதுக்கு எதுவரைக்கும் படிக்கணுங்க சார்?”