சூடேறும் கப்பலில் இரண்டு பேர்

விண்வெளி நிலையத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த ஆறு பேரும் உடனே இறங்கியாக வேண்டும். அவர்கள் ஏறிப்போன கப்பல்கள் இரண்டும் அங்கேயே நின்றன. ஆனால் ஒன்றில் குளிரூட்டும் திரவம் முழுக்க ஒழுகிவிட்டது. பட்ட காலிலே படும் என்பது சரிதான். என் தங்கை போனது அந்தக் கப்பலில்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர்களோடு பேசுவது ஒரே ஒரு ஆள். அன்று அது நான்.

மூன்று பேர் உட்கார்ந்தால் உடம்புச் சூட்டிலேயே அந்தக் கப்பல் அடுப்பாகிவிடும். இரண்டு பேர் என்றால் பிழைக்க வழியுண்டு. நல்ல கப்பலிலோ மூன்று இருக்கைகளுக்கும் ஆள் இருந்தது. இன்னும் ஒரே ஒருவர் அங்கே போய், சாமான் வைக்கும் தரையில் வாரால் கட்டிக்கொண்டு படுக்கலாம்.

"யாரை அனுப்பறது?" என்றார் இயக்குநர். ஆள் குள்ளம், காரம் அதிகம். அறையில் அவருக்குக் கடுகு என்று பெயர்.

கணக்குப் போட்டவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "பைலட் ஓட்டணும். இன்ஜினியர் மலை மாதிரி ஆளு, அவர் உடம்புச் சூடும் அதிகம். அவர் போகட்டும். டாக்டர் ஒல்லி, அதிலேயே இருக்கலாம்."

டாக்டர்தான் என் தங்கை. இன்னும் பத்து கிலோ இருந்திருந்தால் தப்பித்திருப்பாள், மூதேவி. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

கடுகு குரலைத் தாழ்த்தினார். "மைக்ல வேற ஆளை உக்கார வைக்கட்டுமா?"

"வெச்சா அவ எடை கூடிடுமா சார்?"

பொத்தானை அழுத்தினேன். இன்ஜினியருக்குப் பதில் டாக்டர் என்று சொல்லிவிட்டால் என்ன? பைலட்டும் இன்ஜினியரும் சேர்ந்து வேகவேண்டியதுதான். அது தெரிந்தும் எனக்கு அப்படித் தோன்றியது. விரலை எடுத்துவிட்டேன்.

அவளே பேசினாள். "அக்கா, நாங்களும் கணக்குப் பாத்துட்டோம். இன்ஜினியரை அனுப்பியாச்சு. நான் பெல்ட் போட்டு உக்காந்துட்டேன்."

"சரி," என்றேன்.

"சரின்னா போதாது. உத்தரவு வராம பைலட் கதவைப் பூட்டமாட்டாராம். முழுசா சொல்லு."

எங்கள் வழக்கம் அதுதான். கீழே ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மேலே அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றழுத்தம் குறைவது திரையில் தெரிந்தது. கடுகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் பழுதான கப்பல்லயே இறங்கணும். கதவைப் பூட்டுங்க."

அவள் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

தரையிறங்கிய கப்பலிலிருந்து பைலட் நடந்தே வெளியே வந்தார். அவளை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுக்கும்போதுதான் அழுதேன்.

குடித்துவிட்டு என்னை முறைத்தாள்.

"சொல்றதுக்கு ஏன்க்கா அவ்வளவு நேரம் ஆச்சு?"