ஓடும் மெஷின்மேல் போட்ட கையெழுத்து

நூல்கண்டும் பித்தானும் வாங்கப் பணம் எடுக்கலாம் என்று வங்கிக்குப் போன தையல்காரி, வெறுங்கையோடு திரும்பினாள்.

"உங்க கணக்க வரி ஆபீஸ்ல முடக்கிட்டாங்கம்மா. அஞ்சு வருஷப் பாக்கியாம்," என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"எனக்கு ஏது வரி? நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவ."

"பெயின்ட் கடை உங்க பேர்ல இருக்கே?"

பெயின்ட் கடை இருந்தது. அது அவள் கணவருடையது என்றுதான் தெருவும் நினைத்திருந்தது, அவளும் நினைத்திருந்தாள். அவரும் அவர் தம்பியும் அங்கே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவெல்லாம் அவர் கையில். கடிதங்கள் கடை விலாசத்துக்கே போய்விடும். வீட்டுக்கு வருவது கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் மட்டும். அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது கொண்டு வருவார். மேல் பாதியை முழங்கையால் மூடிக்கொண்டு, "இங்க போடு" என்பார். அவளும் மிதியிலிருந்து காலை எடுக்காமல், அதிர்கிற மெஷின் பலகைமேலேயே கிறுக்கிக் கொடுப்பாள்.

அன்று மாலை கேட்டுவிட்டாள். அவர் அசரவில்லை.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? இதுல ஒண்ணு போடு, கணக்கு திறந்துடும்."

இந்தத் தடவை அவள் காலை எடுத்தாள். மெஷின் நின்றது. அவர் முழங்கைக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவிப் படித்தாள். கடை வருமானம் முழுக்க என்னுடையது, பாக்கியை நானே கட்டுகிறேன், தவறினால் என் தையல் மெஷின்களை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"என் மெஷினையா?"

"ஒரு பேச்சுக்கு எழுதறதுதானே."

"பேச்சுக்குன்னா பேசுங்க. எழுதுவானேன்?"

"இத்தனை வருஷம் கேள்வி கேட்காமப் போட்டவளுக்கு இப்ப என்ன புதுசா படிப்பு?"

"லேட்டா பள்ளிக்கூடத்துல சேந்தவன்னு வச்சுக்குங்க."

மறுநாள் தைக்க வேண்டியதை அப்படியே போட்டுவிட்டு வரி அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி அவள் வயதுப் பெண். ஐந்து வருடமும் அவள் பேரில் தாக்கலான வரிக் கணக்குகளை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தார். இரண்டில் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. மூன்றில் அச்சடித்த மாதிரி அழகு.

"இந்தக் கோணல் ரெண்டும் உங்களோடது இல்லைன்னு பாத்தாலே தெரியுது. புழு நெளிஞ்ச மாதிரி இருக்கு. எழுதிக் குடுங்க, அந்த ரெண்டு வருஷப் பாக்கி கழிஞ்சுடும்."

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். ஆனால் படிக்காமல் போட்ட பொய்களே போதும், படித்துவிட்டு வேறு ஒன்று போட வேண்டுமா என்று தோன்றியது.

"இல்ல மேடம். கோணலா இருக்கறதுதான் என்னோடது. மெஷின் ஓடும்போது போட்டது. அழகா இருக்கற மூணும் நான் போடல."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வங்கியில நீங்க குடுத்த கையெழுத்தோட அப்படியே ஒத்துப்போகுதேம்மா?"

"அதான் மேடம் தப்பு."

மூன்றின் நகலையும் வங்கி நகலையும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெட்டும் துணியை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணாடியில் அழுத்தினாள். வெளிச்சத்தில் கோடுமேல் கோடு விழுந்தது. கடைசிச் சுழியின் வால்கூட விலகவில்லை.

"முப்பது சட்டைக்கு ஒரே அளவுல காலர் வெட்டறவ நான். அளவுக் காகிதம் வச்சு வெட்டினாத்தான் இப்படி வரும். மனுஷக் கை நாலு தடவை போட்டா ஒரு நூலாவது விலகும்."

அதிகாரி எழுந்து வந்து தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "யாரு போட்டிருப்பாங்க?"

"மனுவுல அதை எழுத இடம் இருக்கா?"

"இருக்கு. எழுதினா அந்த ஆளுக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்களேன்."

"வீட்டுல யோசிச்சா வீடுதான் ஜெயிக்கும் மேடம்."

மூன்று வருடங்களுக்கு எதிரே 'என் கணவர்' என்று எழுதினாள். மற்ற இரண்டுக்கும் எதிரே 'என்னுடையது, படிக்காமல் போட்டேன், கட்டுகிறேன்' என்று எழுதினாள். வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அதற்குப் பிறகு அவர் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டார். அவள் பரிமாறினாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைப் படியில் சரிந்து விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அவள் அழுதாள். ஊருக்காக அழவில்லை. அவளுக்கு முதல் மெஷினைத் தவணையில் வாங்கித் தோளில் சுமந்து வந்தவரும் அதே மனிதர்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு கொழுந்தன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அண்ணன்தான் போய்ச் சேந்தாச்சே. மனுவ வாபஸ் வாங்கிடுங்க. ஊரு உங்களைத்தான் காறித் துப்பும்."

"பாக்கிய ஊரு கட்டுமா தம்பி?"

"செத்தவர்மேல பழி போடறது பாவம் அண்ணி."

"உயிரோட இருக்கறப்பவே எழுதினது. அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். அவர் இல்லைங்கறதுக்காக அந்த மூணும் நான் போட்டதா ஆயிடுமா?"

"அப்ப கடை என்ன ஆகறது?"

"இப்பத்தான் வந்த விஷயத்தைச் சொல்றீங்க. விசாரணைக்கு வாங்க. கல்லாவுல யாரு உக்காந்தாங்கன்னு கேப்பாங்க, சொல்லிட்டுப் போங்க."

கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனான்.

விசாரணையன்று வீங்கிய கண்ணோடு வந்து நின்றவளைப் பார்த்து அதிகாரி பதறினார்.

"தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமேம்மா?"

"தள்ளி வச்சா மட்டும் அழுது முடிச்சிருவேனா மேடம்?"

நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்?"