சாய்ந்த முத்திரை

"இந்த முத்திரைய அடிச்சவன் அன்னிக்கு நல்லா ஊத்திக்கிட்டு வந்திருக்கணும்" என்றார் வெள்ளைக் கையுறைக்காரர், செம்புச் சட்டியைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டி. கூடத்தில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முத்திரையை அடித்தவளே அவள்தான். பாத்திரத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம், நாளைக்கு முந்நூறு சட்டி, அத்தனையின் அடியிலும் முத்திரை அடித்து அனுப்பியது அம்மா ஒருத்தி. அவளுக்கு இடது கைப் பழக்கம். சுத்தியல் இடப்பக்கமிருந்து இறங்கினால் மீன் சின்னம் கொஞ்சம் சாய்ந்துதான் விழும். இதற்குப் போய் குடியாம்! சோடா குடித்தாலே ஏப்பம் தாங்காமல் தவிக்கிறவள்.

பழைய பாத்திரக் கண்காட்சி என்று சுவரொட்டியைப் பார்த்ததும் அம்மாவை நான்தான் இழுத்து வந்தேன். தொழிற்சாலை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, தன் சட்டிகளைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையுறைக்காரர் முத்திரையை வைத்துப் பாத்திரத்தின் வயதைச் சொல்லும் நிபுணர், புத்தகமே போட்டிருக்கிறார். வாசலில் ஒன்று வாங்கியிருந்தேன். மீனுக்குக் கீழே உள்ள எழுத்து வருடத்துக்கு, எழுத்தைச் சுற்றியுள்ள புள்ளிகள் மாதத்துக்கு, ஜனவரி என்றால் ஒன்று, டிசம்பர் என்றால் பன்னிரண்டு என்று அழகாகத்தான் விளக்கியிருந்தார். அடுத்த பக்கத்தில் அம்மாவின் பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து 'பிழைக்காலம்' என்று தலைப்பு. இயந்திரம் தளர்ந்து போயிருந்ததாம், சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டுமாம். நடுவில் ஒரே ஒரு வருடம், ஒன்பது புள்ளியும் பத்துப் புள்ளியும் உள்ளவை மட்டும் நேராக இருக்கின்றனவாம், கிடைத்தால் விடாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அப்படி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டின் மேல் உட்காரவைத்திருந்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "சார், அது மிஷினும் இல்ல, குடிகாரனும் இல்ல. எங்கம்மா."

"விடுடி" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "ஆதாரம் இருக்காம்மா? சம்பளச் சீட்டு, போட்டோ, ஏதாவது?"

"ஆளே உக்காந்திருக்காங்களே, அது போதாதா?"

"எழுதிக் குடுங்க. அடுத்த பதிப்புல யோசிக்கலாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "சரி, உங்கம்மா கைதான்னே வச்சுக்குவோம். இந்த ரெண்டு மாசம் மட்டும் எப்படி நேரா விழுந்துச்சு?"

புத்தகத்தில் வருடத்தைப் பார்த்தேன். நான் பிறந்த வருடம். என் பிறந்தநாள் ஒன்பதாம் மாதம் முதல் தேதி. "அப்ப அம்மா வேலைக்கு வரல சார்" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நான் பொறந்திருந்தேன். பிரசவ லீவு."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அவர் முகம் விழுந்துவிட்டது, பென்சிலை எடுத்துத் தன் பிரதியில் ஏதோ கிறுக்கினார். வென்றுவிட்ட மிதப்பில் உட்கார்ந்தேன். நீங்கள் தூக்கிவைத்துக் கொண்டாடும் சட்டிகள் எங்கம்மா தொடாத சட்டிகள் என்று சொல்லாமல் விட்டோமே என்றுகூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ரெண்டு மாதமா? 'மூணு மாசம் உன்னை மடிய விட்டு எறக்கலடி' என்பது என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா சொல்கிற வசனம் ஆயிற்றே.

"அம்மா, உனக்கு லீவு மூணு மாசம்தானே?"

"ஆமா."

"புத்தகத்துல ரெண்டுன்னு இருக்கு."

"அவன் எதத்தான் சரியாப் போட்டான்?" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கூட்டம் டீ குடிக்கக் கலைந்ததும் மேசைகளுக்குப் போனேன். ஓரத்தில் சாய்ந்த முத்திரைகளைக் கழித்துக் குவித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஏழாவதோ எட்டாவதோ, அதே வருடத்தின் எழுத்து. புள்ளிகளை எண்ணினேன். பதினொன்று. மீன் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் மடியில் வைத்தேன்.

அம்மா அதைத் திருப்பி மீனைப் பார்த்தாள். "எனக்குப் பதிலா வந்தவன் நேராத்தான் அடிச்சான். ஆனா நாளைக்கு நூறுக்கு மேல ஓடல. ரெண்டு மாசம் முடிஞ்ச அன்னிக்கே சூப்பர்வைசர் வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டான். வரலேன்னா வேற ஆள் போட்டுருவோம்னான். பேப்பர்ல மூணு மாசம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டான். யாரு கேட்டாலும் மூணுன்னுதான் சொல்லணும்னான். சொல்லிச் சொல்லி எனக்கே மூணாயிடுச்சு."

"நான் எங்க இருந்தேன்?"

"ஸ்டோர் ரூம்ல. அட்டப்பெட்டியில துணி விரிச்சு." அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். "சுத்தியல் சத்தத்துல நீ அழுறது கேக்காது. ரவிக்க நனையும், அப்பத்தான் தெரியும். மணி அடிக்காம எந்திரிக்க விடமாட்டான்."

இத்தனை நேரம் ஒரு கையுறைக்காரரிடம் மல்லுக்கு நின்றேனே, இப்போது யாரிடம் போய்க் கத்துவது? அந்த சூப்பர்வைசர் செத்துப் பத்து வருடம் ஆகிறது. தொழிற்சாலை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். அந்தக் கையெழுத்துக் காகிதத்தை எந்தக் கரையான் தின்றதோ. மிச்சமிருப்பது இந்தச் சட்டி ஒன்றுதான், அதையும் கழிசல் என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

கையுறைக்காரர் டீயோடு ஓடி வந்தார். "வெறுங்கையால தொடாதீங்கம்மா, கறை படியும்" என்று ஒரு ஜோடி உறையை நீட்டினார். வாங்கி மேசைமேல் விட்டெறிந்தேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, சட்டியைக் கொடுக்கவும் இல்லை. இடது கட்டைவிரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். பத்தைத் தாண்டியதும் விரல் அங்கேயே அழுந்தி நின்றது.