தோட்டத்து வாசல்

பாகூர் என்று மாமியார் அமுதம் சொன்னதுமே ரோஸ்லின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அமுதம் போனில் யாரோ போட்ட வீடியோவைக் காட்டி, "சோழர் காலத்துக் கோயில், பெரிய ஏரி, பிரெஞ்சுக்காரன் இருந்தப்போ கட்டின வீடு. சனி, ஞாயிறு அங்கதான் தங்கறோம், புக் பண்ணிட்டேன்" என்றாள். தாம்பரத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, இதையா பிடித்தாள் மகராசி!

அது ரோஸ்லின் பிறந்த ஊர். மாமியாருக்குத் தெரியாது. கல்யாணத்தின்போது கணவன் புகழ்வேந்தன் ஒரு கதை கட்டியிருந்தான்: பெண் பாண்டிச்சேரி டவுன், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளம், அப்பா அம்மா உயிரோடு இல்லை. அப்பா இல்லாதது மட்டும் நிஜம். அம்மா காசம்மாள் பாகூர் காலனியில் இருக்கிறாள். கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். மாதம் ஒரு தடவை பாண்டி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவாள் ரோஸ்லின். இப்படியே மூன்று வருஷம் ஓட்டியாகிவிட்டது.

"மாஸ்க் போட்டுக்கோ. ரெண்டு நாள்தானே" என்றான் புகழ். பொய் கட்டியவனுக்கு எல்லாமே லேசு.

மூலநாதர் கோயிலில் அமுதம் சிற்பம் சிற்பமாக நின்று படம் எடுத்தாள். ரோஸ்லின் பார்த்ததெல்லாம் மனித முகங்களை. பூக்காரி திரும்பியபோது மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். சைக்கிள்காரர் உற்றுப் பார்த்ததும் புகழின் பின்னால் ஒதுங்கினாள். 'காசம்மா பொண்ணுதானே' என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், குடித்தனம் போச்சு.

கடைசியில் காட்டிக்கொடுத்தது அவள் கால்தான்.

தங்கும் வீட்டின் முன் கார் நின்றது. அமுதமும் புகழும் முன்படி ஏறினார்கள். ரோஸ்லின் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்தில் நுழைந்து, கிணற்றைச் சுற்றி, முருங்கை மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோட்டத்து வாசலில் போய் நின்றாள். நின்ற பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சின்ன வயதில் அம்மாவோடு இந்த வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு வந்த வழி அது. காலனி ஆட்களுக்கு முன்வாசல் கிடையாது.

சமையற்கட்டில் வீட்டுக்காரி புவனேஸ்வரி கரண்டியோடு நின்றிருந்தாள்.

"கெஸ்ட்டு யாருக்கும் இந்தச் சந்து தெரியாதே" என்று கிட்டே வந்தாள். "மாஸ்க்க எடு. அட, காசம்மா பொண்ணா நீ! இன்னாடி, கார்ல வந்து எறங்கற? அவங்கள்லாம் யாரு?"

"மாமியாருங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சொல்லிடாதீங்கம்மா."

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்?" புவனேஸ்வரி சிரித்தாள். அதில் வன்மம்கூட இல்லை. "வேலக்காரி இன்னிக்கு வரல. அந்தப் பாத்திரத்தக் கொஞ்சம் வெளக்கிப் போடு."

ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து விளக்கினாள்.

அமுதம் தேடிக்கொண்டு வந்தாள். "பாத்தீங்களா, எங்க மருமக போற இடத்திலகூட சும்மா இருக்க மாட்டா" என்றாள் பெருமையாக. "பெத்தவ இல்லாத பொண்ணு. ஆனா எவ்வளவு பொறுப்பு!"

புவனேஸ்வரியின் கண் ரோஸ்லின் மேல் நிலைத்தது. காசம்மாள் நேற்றுதான் இந்த வீட்டுக் கரும்பில் களை எடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பெத்தவ இல்லியா? அய்யோ பாவம்" என்று இழுத்தாள். "நாளைக்கும் இருப்பீங்க இல்ல? காலையில கொஞ்சம் சீக்கிரமா எழுந்து வாம்மா."

"அதுக்கென்ன, வருவா" என்று அமுதமே பதில் சொன்னாள்.

ரோஸ்லினுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குப் பாத்திரம். நாளை மறுநாள் ஏதாவது கேட்டு இவளிடமிருந்து போன் வரும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மாவைச் செத்தவளாக்கி, அம்மாவுக்குக் கூலி கொடுக்கிறவளே 'அய்யோ பாவம்' சொல்கிறாள். அம்மா பத்து நிமிஷ நடை தூரத்தில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

கையைக் கழுவினாள். அமுதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி முன்வாசலுக்கு வந்தாள். செருப்பு தோட்டத்தில் கிடந்தது. கிடக்கட்டும்.

"என்னம்மா, எங்க இழுத்துட்டுப் போற?"

"எங்கம்மா உயிரோடதான் இருக்காங்க அத்தை. இதே ஊர்தான். காலனியில எங்க வூடு."

அமுதம் சட்டென்று கையை உருவிக்கொண்டாள். கூடத்தில் புகழ் எழுந்து நின்றான். மாமியார் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்க ரோஸ்லினுக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலே முன்படி இறங்கி, காலனிப் பக்கம் நடந்தாள். வெறுங்காலில் தார் ரோடு சுட்டது.