தண்ணீர் இல்லாத ஒரு கதை

"தண்ணி இல்லாததா ஒண்ணு குடுங்க" என்று ஆ-பூன் கேட்டபோது பழைய புத்தகக் கடைக்காரருக்கு விளங்கவில்லை.

"என்ன தண்ணி?"

"கதையில தண்ணி வரக்கூடாது. கடல், ஆறு, கிணறு எதுவும். யாரும் மூழ்கிச் சாகக் கூடாது. ஆனா படிக்கிறவனுக்குக் குலை நடுங்கணும்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை ஒருமுறை பார்த்தார். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தைவானின் கீலுங் துறைமுகத்தில் அது பெய்யாத வாரம் கிடையாது.

"இந்த ஊர்ல நின்னுக்கிட்டு, உச்சி முதல் பாதம் வரைக்கும் நனைஞ்சுபோய், தண்ணியில்லாத கதை கேக்கறே. சரி, பாப்போம். இது மலைக்காட்டுல தொலைஞ்சு போறவங்க கதை. நல்லா இருக்கும்."

"தண்ணி?"

"கடைசியில ஓடையிலதான் கெடப்பான்."

"வேண்டாம்."

"இது அடுக்குமாடி வீட்டுல நடக்கறது. குளியல் தொட்டி ஒண்ணு வரும். அது தண்ணியில சேருமா?"

"சேரும்."

"உனக்கு என்னப்பா, நாய் கடிச்சிருச்சா?"

அரை மணி நேரம் புரட்டி மூன்று புத்தகங்களைப் பொறுக்கினான். ஒன்று ஓடாமல் நின்றுபோன தையல் ஆலையில் நடப்பது. ஒன்று சுரங்கப் பாதையில். மூன்றாவது, ஆட்கள் ஏறியதும் இல்லாத மாடிக்குப் போய் நிற்கும் மின்தூக்கியைப் பற்றியது. மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துறைமுகச் சாலையை விட்டு விலகி, மலையோரப் படிக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கடல் கண்ணில் படாமல் நடக்க அந்த ஊரில் அது ஒன்றுதான் வழி.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகம்கூடப் படித்து முடித்தவனில்லை ஆ-பூன். கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் பதினைந்து வயதிலிருந்து துருவும் சிப்பியும் சுரண்டியவன். இப்போது காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறான். இறக்கிவிட்டு, முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, மூன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தான். எந்தப் பக்கத்தில் எவன் தண்ணீரில் விழுவானோ என்ற ஒரு பயம்தான் அவனுக்கு இருந்தது. மற்றபடி அந்தக் கதைகள் அவனை ஒன்றும் செய்யவில்லை.

சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் வாசிப்புக் குழுவுக்குப் புத்தகம் எடுத்து வருவது இந்த வருஷம் அவன் முறை. செத்தவர்களுக்கு வாசல் திறந்துவிடும் மாதம் அது. குழுவில் அந்த மாதம் திகில் நாவல்தான் படிப்பார்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு. திரிந்துகொண்டிருப்பவர்களை அவர்களுக்குரிய பெயரால் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் காதில் விழும். 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறியவன் எல்லாருக்கும் செம்பயறு போட்ட ஐஸ் துருவல் வாங்கித் தர வேண்டும்.

குழு கூடுவது பிக்-ஹூனின் மீன் உருண்டைக் கடையில். திங்கட்கிழமை மீன் சந்தைக்கு விடுமுறை, கடையும் அடைப்பு. குழுவை ஆரம்பித்து வைத்தவன் அவள் புருஷன் கிம்-சுவா. பட்டறையில் ஆ-பூனோடு ஒரே சாரத்தில் தொங்கி வேலை பார்த்தவன். போன வருஷம் ஏழாம் மாதம், சாரத்தின் கயிறு அறுந்து கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்தவன் ஆ-பூன். நீச்சல் தெரியாதவன். பின்னாலேயே குதித்தவன் கிம்-சுவா. கரையேறியது ஆ-பூன் மட்டும். 'தானாகக் குதித்தார்' என்று பட்டறைக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டார்கள்.

தண்ணீரில் செத்தவன் தன் இடத்துக்கு வேறொருவனை இழுத்துப் போட்டால்தான் அங்கிருந்து விடுபடுவான் என்பது அந்தக் கரை முழுக்க எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரை இழுப்பான்? தப்பிப் போனவனைத்தான். அதன் பிறகு ஆ-பூனோடு சாரத்தில் ஏற ஒருவனும் சம்மதிக்கவில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஆ-பூனே வேலையிலிருந்து நின்றுகொண்டான். டீக்கடையில்கூட அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது.

அப்படியிருந்த நாளில் ஒரு திங்கட்கிழமை கடை வாசலில் போய் நின்றான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. பிக்-ஹூன் அவனைப் பார்த்தாள். கிம்-சுவாவின் முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். மற்றவர்களுக்கு வைத்தது போலவே அவன் முன்னாலும் ஒரு கிண்ணம் சூப் வைத்தாள். அன்றிலிருந்து ஒரு திங்கட்கிழமையும் அவன் தவறவில்லை. அந்த நாளைப் பற்றி அவள் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. இந்த ஊரில் அவனை உட்கார வைத்துச் சோறு போட்ட இடம் அது ஒன்றுதான். தப்பான ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் அதையும் தொலைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் தண்ணீர் இல்லாத கதை.

திங்கட்கிழமை மூன்று புத்தகங்களையும் மேஜையில் பரப்பினான். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற டெக்-சிங்கும், குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்யும் குவே-தோவும் ஆளுக்கொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். பிக்-ஹூன் அடுப்பருகே முதுகு காட்டி நின்று, மறுநாள் வியாபாரத்துக்கு அரைத்த மீனை உள்ளங்கையில் பிதுக்கி, கரண்டியால் வழித்து வெதுவெதுப்பான நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குழுவில் சேர்ந்தவள் இல்லை. காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

"தையல் ஆலையா?" என்றார் டெக்-சிங். "நல்ல அண்ணன்மாருக்கு அங்க என்ன வேலை? ஓவர்டைம் பாக்கறாங்களா?"

"அண்ணன்மார் இல்ல, நல்ல அக்காமார். எல்லாம் பொம்பளைங்க" என்றான் ஆ-பூன்.

"பொம்பளைங்கன்னா செத்தும் தைச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்" என்றாள் குவே-தோ. "இந்த மின்தூக்கிக் கதை எடுக்கலாம். எங்க கிடங்குலயும் ஒண்ணு இருக்கு. எங்க நிக்கும்னு அதுக்கே தெரியாது."

"அதுல வர்ற பே..." என்று ஆரம்பித்த டெக்-சிங் சட்டென்று இருமினார்.

"அண்ணே! ஐஸ் துருவல்!"

"பேரப்பிள்ளைன்னு சொல்ல வந்தேன்மா. சத்தியமா."

"உங்க பேரப்பிள்ளை எதுக்கு மின்தூக்கியில வருது?"

சிரித்தார்கள். ஆ-பூனும் சிரித்தான். நல்லபடியாக முடிந்துவிடும் போலிருந்தது.

"மூணுலயும் தண்ணி இல்ல. அப்படித்தானே பூன்?" என்றாள் பிக்-ஹூன், திரும்பாமல்.

சிரிப்பு நின்றது.

"புத்தகக் கடைக்காரர் நேத்து உருண்டை வாங்க வந்தாரு. உங்க கடைக்கு வர்றானே ஒருத்தன், அவனுக்கு என்ன வியாதின்னு கேட்டாரு. யாருக்காகத் தண்ணியை ஒதுக்கினே?"

"உங்களுக்காகத்தான், அண்ணி."

"எனக்கா, உனக்கா?"

அவள் பாத்திரத்திலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினாள். விரல்நுனிகள் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன.

"விடிஞ்சதுலேருந்து பொழுது அடையற வரைக்கும் என் கை தண்ணியிலதான் கெடக்கு. என்கிட்ட வந்து தண்ணியை ஒளிக்கிறே."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தொடக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பக்கம் முனை மடிந்திருந்தது.

"போன வருஷம் இந்த மாசம் அவர் முறை. இதைத்தான் எடுத்து வெச்சிருந்தாரு. மடக்கி வெச்சுட்டு வேலைக்குப் போனாரு. அவர் எதை எடுத்து வெச்சாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அந்த மாசம் என்ன படிச்சீங்க?"

டெக்-சிங் தொண்டையைச் செருமினார். "ரொட்டிக் கடை வெக்கிற ஒரு பொண்ணு கதை."

"நல்லா இருந்துச்சா?"

"இல்லம்மா."

குவே-தோ அட்டையைப் பார்த்தாள். கரையில் வரிசையாகக் கால்கள்; கீழே கறுப்புத் தண்ணீர். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அக்கா, இது வேண்டாம். இந்த மாசத்துல இதை வாய்விட்டுப் படிச்சா, கேட்டுக்கிட்டே உள்ள வந்துடுவாங்க."

"வரட்டும். எனக்கு வர வேண்டியவர் ஒருத்தர்தானே."

வழக்கப்படி ஓட்டுப் போட்டார்கள். பிடித்த புத்தகத்தின் மேல் ஆளுக்கொரு சாப்பாட்டுக் குச்சியை வைக்க வேண்டும். குவே-தோ மின்தூக்கியின் மேல் வைத்தாள். டெக்-சிங் குச்சியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு கிம்-சுவாவின் புத்தகத்தின் மேல் வைத்தார். மிச்சம் ஆ-பூனின் குச்சி. இதை எடுத்தால் அந்தத் தண்ணீர் இந்த மேஜைக்கே வரும். பிறகு இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சூப் குடிக்க முடியாது. எடுக்காவிட்டால் இன்றோடு இந்த வாசல் முடிந்தது. பிக்-ஹூன் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிம்-சுவாவின் புத்தகத்தின் மேல் வைத்தான்.

"மடக்கின எடத்துலேருந்து படி" என்றாள். "ஒரே பிரதிதான் இருக்கு. சத்தமா படி."

வரிக்குக் கீழே விரலை வைத்தான்.

"'கீழே இருந்து பார்த்தால் மனிதர்கள் என்பது வெறும் உள்ளங்கால்கள்தான். எனக்கு இப்போது எல்லாருடைய காலும் பழகிவிட்டது. யார் சோர்ந்து நடக்கிறார்கள், யார் குடித்திருக்கிறார்கள் என்று தெரியும். குளிர் முதலில் பல்லுக்குள் போகிறது. பிறகு அது குளிராகத் தெரிவதில்லை. நான் காத்திருக்கிறேன். இன்று ஒருவன் விழுந்தான். அவன் கணுக்காலைப் பிடித்தேன். அவன்...'"

விரல் நகரவில்லை.

"படி."

"இது பொய், அண்ணி."

"என்ன பொய்?"

"கீழேருந்து யாரும் என் காலைப் பிடிக்கல." அவன் புத்தகத்தைப் பார்த்தே பேசினான். "மேலேருந்து ஒரு கைதான் என் காலரைப் பிடிச்சுது. கரையில கட்டித் தொங்கவிட்ட டயர்கிட்ட இழுத்துட்டுப் போனாரு. 'புடிச்சுக்கடா, கழுதை'ன்னாரு. என் கையை எடுத்து அதுல மாட்டிவிட்டாரு. அப்ப அலை வந்து கப்பலைக் கரைப் பக்கம் தள்ளிச்சு. அவர் நடுவுல மாட்டிக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அவர் கை ஒரு தடவை மேல வந்துச்சு."

"எட்டுற தூரமா?"

"எட்டுற தூரம்தான்."

"நீ கை நீட்டினியா?"

டெக்-சிங் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"இல்ல அண்ணி. ரெண்டு கையாலயும் டயரைக் கட்டிப் பிடிச்சிருந்தேன்."

பிக்-ஹூன் அடுப்புக்குத் திரும்பினாள். நீரில் வெந்து மேலே மிதந்த உருண்டைகளைக் கரண்டியால் ஒருமுறை தள்ளிவிட்டாள். அழுகிறாளோ என்று குவே-தோ எழுந்தாள். அழவில்லை.

"அவர் பேயா நின்னு உன்னைக் கூப்பிடறாருன்னு கரை முழுக்கச் சொல்றாங்க" என்றாள் பிக்-ஹூன். சொல்லை மாற்றவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. ஐஸ் துருவல் என்று யாரும் வாய் திறக்கவில்லை. "ஆமா, பேய். என் புருஷன் இப்ப பேய். வேற என்னன்னு சொல்லுவீங்க? ஆனா அவர் கூப்பிட மாட்டாரு. தூக்கிவிட்டவனைத் திரும்ப இழுக்கறதுன்னா ரெண்டு வேலை. அவ்வளவு சுறுசுறுப்பான ஆள் இல்ல அவர். கூப்பிட்டது நான்தான்."

ஆ-பூன் நிமிர்ந்தான்.

"நீ வாசல்ல வந்து நின்னியே, அன்னைக்கு எதுக்கு அவர் முக்காலியைத் தள்ளினேன்னு நெனச்சே? பாவம்னா? அவர் எடத்துல உன்னை உக்கார வெச்சா வந்து எடுத்துக்கிட்டு அவரு விடுபட்டுப் போயிடுவாருன்னு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் உனக்குச் சூப்பை வெச்சுட்டு, எடுத்துக்கோங்க, இதோ இருக்கான், எடுத்துக்கோங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நின்னேன். வரல."

"அக்கா!" என்றாள் குவே-தோ.

"நீ சும்மா இரு. அவன் சொன்னான்ல, நானும் சொல்றேன்."

டெக்-சிங் எழுந்து குடையை எடுத்தார். எடுத்தவர் போகவில்லை; பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆ-பூன் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் குனிந்து பார்த்தான். ஒரு கால் கட்டையாக, கீழே அட்டை மடித்து வைத்திருந்தது. இவ்வளவு நாளும் அது ஆடாமல் இருக்க அவன்தான் அந்த அட்டையை மாற்றி மாற்றி வைத்தான். எழுந்துவிடலாம் என்று தோன்றியது. எழுந்து எங்கே போவது? வெளியே மழை. மழைக்கு அந்தப் பக்கம் டீக்கடையும் அதன் காலி இருக்கையும். அதற்கும் அந்தப் பக்கம் கடல். இங்கேயாவது அவனைச் சாகச் சொல்லி வேண்டிக்கொள்ள ஒரு ஆள் இருந்தாள். வாரம் தவறாமல் அவனை நினைத்திருக்கிறாள்.

பிக்-ஹூன் ஒரு கிண்ணத்தில் நான்கு உருண்டைகளைப் போட்டு, சூப்பை ஊற்றி, செலரித் தழை தூவிக் கொண்டுவந்தாள். அவன் முன்னால் வைத்தாள். எப்போதும் போல ஓசையில்லாமல் அல்ல. சூப் கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அது புத்தகத்தை நோக்கி ஓடியபோது அவன் புறங்கையால் தடுத்தான். சுட்டது. கையை எடுக்கவில்லை.

"இன்னைக்கும் கூப்பிட்டீங்களா, அண்ணி?"

அவள் சிந்திய சூப்பைத் துணியால் துடைத்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள். "மிச்சத்தைப் படி. அவர் பாதியில விட்டுட்டுப் போனது எனக்குப் பிடிக்கல."

அவன் மிச்சப் பக்கங்களைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். கிம்-சுவா படித்திருந்தது சுண்டுவிரல் கனம். மிச்சம் உள்ளங்கை கொள்ளாது. அத்தனை பக்கமும் தண்ணீர்.

"'அவன் என்னைப் பார்க்கவில்லை'" என்று தொடர்ந்தான். "'விழுகிறவர்கள் யாரும் கீழே பார்ப்பதில்லை. எல்லாரும் மேலேதான் பார்க்கிறார்கள்.'"

டெக்-சிங் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அடுப்பு அணைந்த பிறகும் ஆ-பூன் படித்துக்கொண்டிருந்தான். அத்தியாயம் முடிந்த இடத்தில் முனையை மடக்கப் போனபோது பிக்-ஹூன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பழைய மடிப்பை அப்படியே விட்டு மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டாள்.

"எந்தப் பக்கம்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள். "அடுத்த திங்கக்கிழமை சீக்கிரம் வா. ரொம்ப மெதுவா படிக்கிறே."