பூசிய கருமை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அந்த ஆலைக்குள் வசந்தகுமாரி நுழைந்தபோது அவளை முதலில் எதிர்கொண்டது நாற்றம். எந்திர எண்ணெயின் வாடை அவளுக்குப் புதிதன்று. ஆவடிக் குடியிருப்பில் தகப்பனாரின் சட்டையில் நாள்தோறும் முகர்ந்து வளர்ந்ததே. இது வேறு. விளக்குக் கரியும் காறிப்போன விளக்கெண்ணெயும் கழுவாத தலைகளின் புளிப்பும் கலந்து, மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் புழுங்கிக் கிடந்தது.

அவள் முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்திருந்தாள். தொழிலாளர் மூப்படைகின்றனர், எந்திரமோ தானே இயங்கக் கற்றுவிட்டது, இவ்விரண்டுக்கும் நடுவே கைத்திறன் என்னவாகும் என்பதே ஆய்வு. உதவித்தொகை அளித்த அறக்கட்டளை ஒரு வாக்கும் அளித்திருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர் பத்துப் பேராவது உள்ள ஆலையில், கணினியால் இயங்கும் புதிய கடைசல் எந்திரத்தை இயக்க அவர்களுக்கே பயிற்சி தரும். பயின்றவரை மூன்றாண்டுக் காலம் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. வயதை அவரவர் தம் வாயால் சொல்ல வேண்டும். ஏனெனில் அக்காலத்தில் ஆளெடுத்தபோது பிறந்த தேதியை யாரும் கேட்கவில்லை; மேஸ்திரி முகத்தைப் பார்த்துச் சொன்னதே அலுவலகத்தில் வயதாக நிலைத்துவிட்டது.

தைப் பொங்கலை ஒட்டி ஒருமுறை வந்து பார்த்துச் சென்றிருந்தாள். கடைசல் எந்திரங்களின் மீது குனிந்திருந்த தலைகள் அன்று தும்பைக் காடு பூத்தாற்போல் வெளுத்திருந்தன. இந்த ஆலைக்குப் பயிற்சி உறுதி என்று மகிழ்ந்து திரும்பினாள்.

இன்று ஒரு தலையிலும் நரை இல்லை.

"வயசு சொல்லுங்கண்ணே" என்றாள், முதல் எந்திரத்தில் நின்ற வேலுசாமியிடம்.

"நாப்பத்தாறும்மா."

"நான் நாப்பத்தி நாலு" என்றார் அடுத்த எந்திரத்து உஸ்மான் கனி. "இவனுக்குத் தம்பி. இவன் கல்யாணத்துல நான் பம்பரம் உட்டுகினு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். உஸ்மான் கனி பூந்தமல்லியிலிருந்து வருபவர். பொங்கலின்போது அவருக்கு மருதாணிச் சிவப்பில் அழகிய தாடி இருந்தது. இப்போது அது மழிக்கப்பட்டு, தாடி நின்ற இடம் மட்டும் வெயில் காணாமல் வெளிறியிருந்தது.

"தாடி எங்கே பாய்?"

"வெயிலும்மா. அதுக்கும் புழுங்குமில்ல."

வேலுசாமி குனிந்து கருவியை இறுக்கினார். நெற்றியில் துளிர்த்த வியர்வை தலைக்குள் புகுந்து மீண்டு, கருமையாய்க் காதோரம் இறங்கிக் கழுத்து மடிப்பில் தேங்கி, வெளிறிய காக்கிச் சட்டையின் பட்டையை நனைத்தது. வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு கழுத்திலும் அதே கறுப்பு ஒழுக்கு. தகப்பன் வயதுடையோர் கண்மை கலைந்த கூத்தர்போல் நின்றிருந்தனர். அருகிலுள்ள திருமுல்லைவாயில் கோயிலில், முன்னொரு மன்னனின் வாள் பட்ட தழும்பின்மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புப் பூண்டு எழுந்தருளியிருக்கிறான் இறைவன். அது அடியார் அன்பால் சாத்திய குளிர்ச்சி. இது அச்சம் அப்பிய அழுக்கு. யார் மூட்டிய அச்சம் என்பது அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

நண்பகற் சங்கு ஊதியதும் மேலாளர் ராஜசேகரன் தம் குளிர்பதன அறையில் அவளுக்கு உணவு பரிமாறச் செய்தார். காலையில் அவளை அழைத்து வந்ததும் அவருடைய கார்தான். பாதி மாம்பழம் உண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா மேடம், நம்ம கம்பெனி முழுக்க வாலிபர் சங்கம்" என்றார் அவர். கொட்டையைச் சப்பியதில் சாறு முழங்கை வரை வழிந்தது. "ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். யுனிவர்சிட்டிலேர்ந்து ஒரு அம்மா வருது, கிழவங்களைப் பொறுக்கி எடுத்து வீட்டுக்கு அனுப்பன்னு. மறுநாளே அத்தனை பேரும் பார்பர் கடையில வரிசையில நிக்கிறாங்க."

அவள் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். "பயிற்சி அவங்களுக்காகத்தானே சார் வருது?"

"அதனாலதான். ட்ரெயினிங் கொடுத்தா மூணு வருஷம் கை வைக்க முடியாது. ஐ.டி.ஐ. முடிச்ச பசங்க பாதிச் சம்பளத்துக்குக் கேட்டு நிக்கிறாங்க."

"இதை ஏன் எங்கிட்டயே சொல்றீங்க?"

"நீங்க என்ன செய்ய முடியும்? அவன் வாயால சொன்னதுதானே உங்க கணக்கு." விரல்களை ஒவ்வொன்றாய் நக்கினார். "மோர் சாப்பிடுங்க மேடம்."

அந்த விரல்களைப் பார்த்தபின் கழுத்து மடிப்புகளில் தேங்கிய கருமை அவளுக்கு அழுக்காகத் தோன்றவில்லை. எழுந்து எந்திரங்களிடையே திரும்பி வந்தாள். உண்டு முடித்து உட்கார்ந்திருந்தவர்களிடம் யாவற்றையும் மறைக்காமல் உரைத்தாள்: வரவிருப்பது நீக்கம் அன்று, பயிற்சி, மேலாளர் சொன்னது பொய், பத்துப் பேர் உண்மை வயதைச் சொன்னால் போதும்.

உஸ்மான் கனி மெல்லக் கேட்டார்: "அவுரு கார்ல வந்து எறங்குன. அவுரு ரூம்ல துன்ன. உன் கையில இன்னும் மாம்பழ வாசனை அடிக்குது. இப்போ வந்து எங்க ஊட்டுப் பொண்ணு கணக்கா பேசுற. நாங்க யாரை நம்புறதும்மா?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், வாசனை போகவில்லை.

வேலுசாமி எழுந்தார். கை கழுவும் குழாயை நோக்கி நடந்தார்.

"டேய் வேலு, இன்னா பண்ற?" என்றார் உஸ்மான் கனி.

"தல அலசப் போறேன் மாமே."

"அந்தம்மா போறவரிக்கும் தண்ணி படக்கூடாதுன்னு பார்பர் சொன்னானே."

"அவனை உன் தலையப் பார்த்துக்கச் சொல்லு."

எண்ணெய்க் கறை போக்க அங்கே வைத்திருந்த மரத்தூள் கலந்த சோப்பை அள்ளித் தேய்த்தார். குழாயின் கீழ் தலையை நீட்டினார். கரிய நீர் நெற்றியிலும் மூக்கிலும் ஒழுகி, தொட்டியில் சுழன்று, நுரையாய்ப் பொங்கிச் சாக்கடையில் இறங்கியது. இரும்புத் தூளும் எச்சிலும் மிதந்த அச்சாக்கடை அதனால் மேலும் அசுத்தமானதாகத் தோன்றவில்லை. நிமிர்ந்தபோது அவர் தலை வெளுத்திருந்தது. பெருமழைக்குப் பின் மலைமுடி தெளிந்து தோன்றுவதுபோல.

"அம்பத்தாறும்மா. எய்திக்கோ."

அவள் மற்றவர்களை நோக்கினாள். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். அடுத்தவரும் கட்டினார். உஸ்மான் கனி குழாயையே பார்த்திருந்தார். ஓரடி எடுத்து வைத்தார். அவர் பார்வை வாயிற்பக்கம் திரும்ப, கால் நின்றது.

வாயிலில் ராஜசேகரன் நின்றிருந்தார். இருபதாண்டாக "வேலு, இங்க வாடா" என்றே அழைத்து வந்தவர், கைகூப்பாத குறையாய் அருகில் வந்தார்.

"அம்பத்தாறா? சொல்லவே இல்லையே பெரியவரே. இந்த வயசுல நிக்கலாமா? யாராவது இவருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா."

நாற்காலி வந்தது. அவருடைய எந்திரத்தின் முன்னே, அதை மறைத்தாற்போல் போடப்பட்டது. வேலுசாமி அதில் உட்காரவில்லை.

"நாளைலேர்ந்து வீட்ல இருங்க பெரியவரே. கணக்கெல்லாம் நான் முடிச்சு அனுப்பறேன்."

வசந்தகுமாரி நடுவே புகுந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத்தானே இவர் தலையைக் கழுவினார், இவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள். துணைவேந்தருக்கு எழுதுவேன் என்றாள். ராஜசேகரன் தாராளமாக எழுதச் சொன்னார். கார் காத்திருக்கிறது என்பதையும் நினைவூட்டினார். துண்டு கட்டிய தலைகள் ஒவ்வொன்றாய் எந்திரங்களுக்குத் திரும்பின. எந்திரங்கள் ஓடத் தொடங்கிய ஓசையில் அவள் பேசியது எவர் காதிலும் விழவில்லை.

காரை விடுத்து நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் உணவுத் தூக்குடன் வேலுசாமி நின்றிருந்தார். சேக்காடு செல்லும் வண்டிக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. காதுமடலின் பின்னே துளிக் கருமை எஞ்சியிருந்தது.

"இன்னாம்மா, உன் கணக்குல நான் சேர்ந்தனா?"

"சேர்ந்தீங்கண்ணே."

"ஒர்த்தனுக்குக் கிளாஸ் எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க."

"தெரியும். மத்தவன் எவனும் வரமாட்டான்னும் தெரியும்."

"அப்புறம் ஏன் கழுவினீங்க? என்னை நம்பியா?"

வேலுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்பார்வையில் சினமில்லை, நம்பிக்கையும் இல்லை.

"உன்னை எங்கம்மா நம்புனேன்? மூணு நாளா மண்டை அரிக்குது. தலகாணியெல்லாம் கரி. என் ஊட்டுக்காரி நாகம்மா பக்கத்துல படுக்க மாட்டேன்னு வாசப்பக்கம் போயிட்டா. வெள்ளிக்கிழமை, முல்லைவாயல் கோயிலு வாசல் வரிக்கும் போனேன். உள்ள போவ மனசு வரலை. இந்த நாத்தத்த வெச்சிகினு எப்பிடிம்மா சாமி எதிர்ல போய் நிக்கிறது?"

வண்டி வந்தது. ஈரத்தலையைத் துண்டால் ஒருமுறை துவட்டிக்கொண்டு ஏறினார். முன்னிருக்கையில் இருந்த இளைஞன் ஒருவன், அந்த நரையைக் கண்டு எழுந்து இடங்கொடுத்தான். வேலுசாமி கம்பியைப் பற்றியபடி நின்றே சென்றார்.